லேப்டாப்புக்குள் ஒரு காட்டரிசி

குற்றவாளியைத் தேடி ஆர்டிஸ் குவாலே புறப்பட்ட அன்று காலை, அவருடைய காரை ஓட்டிக்கொண்டிருந்ததே குற்றவாளிதான்.

அதாவது நான்.

பெயர் ரெய்னோ கங்காஸ். வயது நாற்பத்தொன்று. ஆறு வருடமாக ஆர்டிஸின் உதவியாளன். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அவர் கேட்கும் கேள்விகளுக்கு நடுவே ஜோக் அடித்து எதிரில் இருப்பவரை இளக வைப்பது, இவைதான் என் உத்தியோகம். பயம் வந்தால் எனக்கு ஜோக் அதிகமாக வரும். அன்று எட்டரை மணிக்குள் பதினோரு ஜோக் அடித்திருந்தேன்.

"என்னப்பா, இன்னிக்கு ரேடியோ கணக்கா ஓடிக்கிட்டே இருக்கே?" என்றார் ஆர்டிஸ்.

"ரேடியோன்னா அணைச்சுடலாம். என்னை அணைக்க முடியாதே."

"பார்க்கலாம்."

அவர் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரே ஒரு அரிசி. வெள்ளை அரிசி இல்லை, காட்டரிசி. எங்கள் வடக்கு மினசோட்டா ஏரிகளில் தானாக விளைவது. கறுப்பாக, நீளமாக, ஊசி போல ஒல்லியாக இருக்கும். ஆர்டிஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதும் மடியில் வைப்பதுமாக வந்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பள்ளி நூலகத்தில் இருந்தவர். கிழிந்த பக்கத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளை கிழித்தது என்று சொல்லிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகு, மினியாபோலிஸில் இருக்கும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒரு கிளெய்ம் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ச் சந்தேகத்துக்கு இடமான கிளெய்ம்களை விசாரிக்கிறார்.

விஷயம் இதுதான். கிரெடிட் கார்டில் வாங்கிய சாமானுக்குத் தயாரிப்பாளர் ஒரு வருடம் வாரண்டி கொடுத்தால், கார்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு வருடம் கொடுப்பார்கள். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் ரசீதையும் ரிப்பேர்க்காரரின் அறிக்கையையும் சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை. சாமான் தானாகக் கெட்டிருக்க வேண்டும். கீழே போட்டேன், எதையோ கொட்டிவிட்டேன் என்றால் ஒன்றும் கிடைக்காது. கொட்டியதை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் மோசடி.

பெர்ச் லேக் ஊரைச் சேர்ந்த லோர்னா ஆம்டால் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

லோர்னா நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறாள். சாட்சிகள் சொல்வதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்யும் வேலை. அவளுடைய வீட்டு லேப்டாப், வாங்கிய பதினான்காவது மாதத்தில் செத்துப்போனது. கிளெய்ம் போட்டாள். 'எதுவும் கொட்டவில்லை, கீழே விழவில்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள். ஆனால் ரிப்பேர்க்காரர் ஓரின் தன் அறிக்கையோடு இந்த அரிசியையும் அனுப்பிவிட்டார். 'லேப்டாப்பைக் குலுக்கியபோது விழுந்தது. சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை, மன்னிக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு.

நனைந்துபோன சாமானை அரிசிக்குள் புதைத்து வைத்துக் காயவைப்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த வைத்தியம். அரிசி இருந்தால் ஈரம் இருந்தது. ஈரம் இருந்தால் எதையோ கொட்டியிருக்கிறாள். அப்படியானால் கையெழுத்து பொய். இது உறுதியானால் மாநில மோசடிப் பிரிவுக்கு ஒரு கடிதம் போகும். அதன் நகல் நீதிமன்றத்துக்கும் போகும். மற்றவர்களின் வார்த்தையைப் பதிவு செய்கிறவளின் வார்த்தையே பொய் என்று ஆகிவிட்டால், அவளுக்கு அங்கே மறுநாள் வேலை இருக்காது.

ஆனால் லோர்னா பொய் சொல்லவில்லை. கொட்டியது அவளுக்குத் தெரியவே தெரியாது.

கொட்டியவன் நான்.

ஜனவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவள் வீட்டில் நாங்கள் கிரிபேஜ் சீட்டாடுவோம். சீட்டாட்டத்துக்காக மட்டும் நான் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்று எதையும் மறைப்பதாக இல்லை. அவள் அடுப்பிலிருந்து சாப்பாட்டை எடுக்கப் போன நேரத்தில் என் முழங்கை பட்டு, அரைக் கோப்பை காபி அவள் லேப்டாப் மேல் சாய்ந்தது. சட்டென்று கழுத்துத் துணியால் துடைத்து மூடினேன். அவள் திரும்பி வந்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "வாசனை பிரமாதமா இருக்கே" என்றேன்.

பிறகு, "உன் லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுதே, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணித் தரேன்" என்று கதை விட்டு எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டில் வெள்ளை அரிசி கிடையாது. காட்டரிசி இருந்தது. அதற்குள் இரண்டு நாள் புதைத்தேன். திங்கட்கிழமை பொத்தானை அழுத்தினால், உயிர் வந்துவிட்டது! திருப்பிக் கொடுத்தேன். அவள் எனக்கு நன்றி சொல்லி ஒரு டப்பா பிஸ்கட் சுட்டுக் கொடுத்தாள். அதையும் தின்றேன்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் செத்தது. "உன் கார்டுல இன்னொரு வருஷம் வாரண்டி இருக்கு, கிளெய்ம் போடு" என்று சொன்னதும் நான்தான். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று போனில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். நான் செய்த பாவத்துக்குக் கார்டுக்காரர்கள் பரிகாரம் செய்யட்டும் என்று நினைத்தேன். அந்தக் கிளெய்ம் சுற்றிச் சுற்றி எங்கள் மேஜைக்கே வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"லோர்னாவை உனக்குத் தெரியுமா?" என்று ஆர்டிஸ் முந்தின நாள் கேட்டிருந்தார். "சர்ச் பாட்டுக் குழுவில பார்த்திருக்கேன்" என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையில் பாதிகூட இல்லை.

*

ஓரினின் கடை தூண்டில் புழு விற்கும் கடைக்குப் பின்புறம் இருக்கிறது. நாங்கள் கதவைத் திறந்ததும் அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நான் ஒத்துக்கறேன்" என்றார்.

"எதை?" என்றார் ஆர்டிஸ்.

"உங்க கம்பெனியோட அனுமதிக் கடிதம் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே லேப்டாப்பைத் திறந்துட்டேன். ஆர்வம் தாங்கலை."

"பரவாயில்லை ஓரின்."

"இன்னொண்ணும் இருக்கு. விழுந்தது ஒரு அரிசி இல்லை, ரெண்டு."

ஆர்டிஸின் புருவம் உயர்ந்தது. "இன்னொண்ணு எங்கே?"

"கடிச்சுப் பார்த்தேன். கடை அரிசியா, ஏரி அரிசியான்னு தெரிஞ்சுக்க."

"சாட்சியைக் கடிச்சுத் தின்ன முதல் ஆள் நீங்கதான் ஓரின்" என்றேன். "உப்பு போட்டீங்களா?"

"ஏய், சும்மா இரு. என்ன அரிசி அது?"

"ஏரி அரிசிதான். விறகுல வறுத்தது, புகை வாசனை அடிச்சுது. நல்லாத்தான் இருந்துச்சு. ஸாரி."

எங்கள் பக்கத்து மனிதர்கள் இப்படித்தான். கேள்வி கேட்பதற்குள் ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் யாராவது மோதினால் அவர்களே மன்னிப்புக் கேட்பார்கள். போன வருடம் ஒரு டிவி கிளெய்மை விசாரிக்கப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் தானாக வந்து, எட்டு வருடத்துக்கு முன்னால் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தரவில்லை என்று கண் கலங்கிவிட்டுப் போனார்.

ஆர்டிஸ் லேப்டாப்பின் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒரு விசை அமுங்கி, மேலே வர யோசித்தது.

"இது ஏன் ஒட்டுது?"

"இனிப்பு ஏதோ பட்டிருக்கு. காபியா இருக்கலாம், சக்கரை போட்ட காபி. அறிக்கையில அதையும் எழுதியிருக்கணும். விட்டுட்டேன், என் தப்பு."

"உள்ளே மதர்போர்டு எரிஞ்சதுக்கு இதுதான் காரணமா?"

"அப்படித்தான் இருக்கும். முழுசாக் கழட்டிப் பார்க்கலை."

ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினார். "ரெய்னோ, நீ போய்க் காரைச் சூடு பண்ணி வை."

மார்ச் மாதத்தில் காரைச் சூடாக்கச் சொல்வது நியாயம்தான். ஆனால் நாங்கள் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கார் சூடாகத்தான் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆர்டிஸ் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, ஓரின் திட்டு வாங்கியவர் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் ஆர்டிஸ் சொன்னார்: "இந்தப் பக்கத்துல வாக்குமூலத்தை வெச்சு ஒரு காரியமும் ஆகாதுப்பா. எல்லாரும் எல்லாத்தையும் ஒத்துக்கறாங்க. கேக்காமலே ஒத்துக்கற கூட்டத்துக்கு நடுவுல, வாயை மூடிட்டு இருக்கிற ஒருத்தனைத்தான் தேடணும்."

"நான் வாயை மூடினதே இல்லையே" என்றேன்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

*

விறகில் வறுத்த ஏரி அரிசி என்றால் அந்த வட்டாரத்தில் டெல்பர்ட் ஃபைன்டேயிடம்தான் போக வேண்டும். ஒஜிப்வே என்ற பூர்வகுடி இனத்தவர். செப்டம்பரில் படகில் போய், ஏரியில் நிற்கும் கதிர்களைத் தட்டி அரிசி சேர்த்து, வறுத்து, பையில் கட்டி விற்பார். நாங்கள் போனபோது ஏரியின் பனிக்கட்டி மேலிருந்த தன் மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பனி உருகுவதற்குள் குடிசைகளை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அவர் கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாகவே இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸ் உறையை நீட்டினார். டெல்பர்ட் கையுறையைக் கழற்றி, அரிசியை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு பார்த்தார். முகர்ந்தார்.

"இது நம்மளோடதுதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு பக்கம் கருகியிருக்கு பாருங்க. என் மச்சானைக் கிண்டச் சொன்னேன். அவன் போன்ல பேசிக்கிட்டே கிண்டினான். அந்த ஒரு தடவை வறுத்தது மட்டும் இப்படி. அதுல பதினஞ்சு பைதான் வந்துச்சு."

என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டுப் பையில் வைத்தேன். "போன்காரங்களுக்கும் கிளெய்ம் போடலாம் போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"பதினஞ்சு பையையும் யார் யார் வாங்கினாங்க?"

"நான் எழுதி வைக்கறதில்லைம்மா."

"ஞாபகம் இருக்கும் இல்லையா?"

டெல்பர்ட் ஆர்டிஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு பொண்ணோட வேலை போகப்போகுது. அவ தப்பு பண்ணலைன்னு எனக்குத் தோணுது."

"அப்படியா" என்றார் டெல்பர்ட். அரிசியை உறைக்குள் கவனமாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப தப்பு பண்ணினவங்களே வந்து சொல்லிடுவாங்க. இந்த ஊர்க்காரங்கதான் எல்லாத்தையும் சொல்லிடுவாங்களே."

"நீங்க எதையாவது ஒத்துக்கப் போறீங்களா? காலையிலேர்ந்து எல்லாரும் ஒத்துக்கறாங்க."

"நான் எதுவும் பண்ணலையேம்மா."

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக. காரை நோக்கி நடந்து, ஏறி உட்கார்ந்து, ஜன்னலைப் பாதி இறக்கினார். நான் பின்னாலேயே கிளம்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன்.

"ரெய்னோ!" டெல்பர்ட்டின் குரல். "கிறிஸ்துமஸுக்கு வாங்கிட்டுப் போனியே, அந்தப் பை தீந்துருச்சா? இன்னொண்ணு வேணுமா?"

பனிக்கட்டி மேல் நின்றுகொண்டிருந்தேன். அது அங்கேயே பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேண்டாம், நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் காருக்கு வந்தேன்.

ஆர்டிஸ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு பேர்ல நீயும் ஒருத்தன்."

"என் மாமா ரெண்டு பை வாங்கினார். சர்ச்சுல மூணு பை வாங்கினாங்க. சந்தேகப் பட்டியல்ல பாதிரியாரையும் சேர்த்துக்கலாம்."

"ம்."

ஐந்து மைல் வரை அந்த 'ம்' மட்டும்தான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "எங்கிட்டச் சொல்லணும்னு ஏதாவது இருக்காப்பா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். கேட்ட குரலில் கோபம்கூட இல்லை. ஆறு வருடமாக எனக்கு வேலை கொடுத்து, விவாகரத்தின்போது இரண்டு மாதம் தன் வீட்டு மாடியில் தங்கவைத்த மனுஷி. தொண்டை வரைக்கும் வந்தது.

"முன்னாடி பெரிய பள்ளம் வருது. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றேன்.

*

லோர்னா கதவைத் திறந்தாள். ஆர்டிஸுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நீயும் வந்தியா? அப்பாடா. ரெண்டு நாளாத் தூக்கமே இல்லை. உன்னைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தெம்பா இருக்கு."

அதைவிட என்னை அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். கேட்காமலேயே எங்கள் இருவருக்கும் காபி வைத்தாள். தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டாள். என் கோப்பைக்குப் பக்கத்தில் சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ஆர்டிஸ் அதைக் கவனித்தார். நான் சர்க்கரையைத் தொடவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கசக்கக் கசக்கக் குடித்தேன்.

ஆர்டிஸ் உறையை மேஜை மேல் வைத்தார்.

"லோர்னா, இது உங்க லேப்டாப்புக்குள்ள இருந்தது."

லோர்னா குனிந்து பார்த்தாள். "காட்டரிசியா?"

"உங்க வீட்டுல வெச்சிருக்கீங்களா?"

அவள் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குக் காட்டரிசியே பிடிக்காது. சர்ச்சுல சூப் குடுத்தா முழுங்கிடுவேன். வீட்டுல வாங்கினதே இல்லை."

"மினசோட்டாவுல இதுக்குத்தான் முதல்ல கைது பண்ணணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"விசைக்கு அடியில சக்கரைக் காபி கறை இருக்கு" என்றார் ஆர்டிஸ். "அதாவது யாரோ கொட்டியிருக்காங்க. யாரோ காயவெச்சிருக்காங்க. எதுவும் கொட்டலைன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

லோர்னா உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களின் மனசு எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? வெளியே ஒருவனைத் தேடாது, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனவனைக்கூட. உள்ளேதான் தேடும்.

"அப்ப நான்தான் கொட்டியிருப்பேன்" என்றாள்.

"ஞாபகம் இருக்கா?"

"இல்லை. ஆனா என் வீட்டுல, என் சாமான். வேற யார் கொட்டுவாங்க? நான் எப்பவும் கோப்பையைப் பக்கத்துலதான் வைப்பேன், அது தப்புதான். அந்தப் பேப்பரைச் சரியாப் படிக்காமக் கையெழுத்துப் போட்டதும் தப்பு. எழுதிக்கோங்க. நான்தான்."

"அரிசி?"

"அது எப்படின்னு தெரியலை. எப்படியோ என் தப்பாத்தான் இருக்கணும்."

ஆர்டிஸ் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

"நான் இதை எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? மோசடிப் பிரிவுக்கு ஒரு காப்பி. கோர்ட்டுக்கு ஒரு காப்பி."

"தெரியும்" என்றாள் லோர்னா. "பத்தொம்பது வருஷம் அங்க உக்காந்து அடுத்தவங்க சொன்னதை எழுதியிருக்கேன். பொய் சொன்னவங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

ஆர்டிஸ் எழுதத் தொடங்கவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். குளிர்சாதனப் பெட்டி உறுமியது, நின்றது. லோர்னா மேஜையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நான்தான்" என்றேன்.

லோர்னா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்து, பாவம், ஆறுதலாகச் சிரித்தாள். "ஐயோ, நீ எனக்காகப் பழியை ஏத்துக்க வேண்டாம் ரெய்னோ."

அவள் நம்பவில்லை. நான் அவ்வளவு நல்லவன் என்று நினைத்திருக்கிறாள். அதையும் உடைக்க வேண்டியிருந்தது.

சொன்னேன். முழங்கை, காபி, கழுத்துத் துணி. சுத்தம் பண்ணித் தருகிறேன் என்ற கதை. அரிசிப் பை. போனில் சொல்லிக் கொடுத்த வரிகள். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வாக்கியத்தில் அவள் சிரிப்பு போனது. நடுவில் எப்போதோ அவள் கை மேஜையிலிருந்து மடிக்குப் போய்விட்டது.

நான் முடித்ததும் ஆர்டிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பேனாவைத் திறந்து நாலு நிமிஷம் கழிச்சுத்தான் வாயைத் திறந்தே. நீ ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நேத்து 'பாட்டுக் குழுவில பார்த்திருக்கேன்'னு சொன்னியே, அப்பவே ஏதோ இடிச்சுது. நீ யாரைப் பத்தியும் ஒரு வரியில நிறுத்த மாட்டே. ஓரின் சக்கரைக் காபின்னதும் பாதி தெரிஞ்சுது, இந்த ஊர்ல காபிக்கு மூணு கரண்டி சக்கரை போடற ஆள் நீ ஒருத்தன்தான். டெல்பர்ட் மீதியைச் சொல்லிட்டார்." அவர் பேனாவை மூடினார். "ஆனா எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்லைப்பா. லோர்னாவுக்குத் தெரியாதுங்கறது நீ உன் வாயால சொன்னாத்தான் நிக்கும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன்."

அவருடைய போன் அடித்தது. ஓரின். ஆர்டிஸ் எல்லாருக்கும் கேட்கும்படி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க சொன்னபடி முழுசாக் கழட்டிட்டேன்" என்றார் ஓரின். "நான் முன்னாடி சொன்னது தப்பு. காபி உள்ளேயே போகலை. விசைக்கு அடியில ஒரு தகடு இருக்கு, அது மேலயே நின்னு காஞ்சு போயிருக்கு. போர்டுல ஒரு சொட்டுகூடப் படலை."

"அப்ப எரிஞ்சது எதனால?"

"ஃபேன்ல இன்னொரு அரிசி. இறக்கைக்குக் குறுக்கால சிக்கிக்கிட்டு இருக்கு. ஒரு வாரமா உரசி உரசிச் சுத்தியிருக்கும், அப்புறம் நின்னுருச்சு. ஃபேன் நின்னா சூடு. சூட்டுல எரிஞ்சு போச்சு."

"வெள்ளை அரிசியா இருந்திருந்தா?"

"அது குட்டையா, தடியா இருக்கும். காத்துப் போற ஓட்டைக்குள்ள நுழைஞ்சிருக்காது. இது ஒல்லி, நேரா உள்ள போயிடும். இதை நான் கடிக்கலை, பத்திரமா வெச்சிருக்கேன்."

ஆர்டிஸ் போனை அணைத்தார்.

காபி ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கே வாயைத் திறந்து, "கொட்டிட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லியிருந்தால், லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து ஒரு நாள் விட்டிருந்தால், அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொன்றது என் முழங்கை இல்லை. மறைப்பதற்காக நான் செய்த வைத்தியம்.

"ஒன்பது நாள் ஓடிச்சு" என்றாள் லோர்னா. என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினாள். "அந்த ஒன்பது நாள்ல நாம எத்தனை தடவை பார்த்தோம்?"

"நாலு தடவை."

"ஃபேன் ஏதோ கரகரன்னு சத்தம் போடுதுன்னு உங்கிட்டச் சொன்னேன்."

"சொன்னே."

"நீ என்ன சொன்னே?"

"பழசானா அப்படித்தான்னு சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் கேட்டுக்கொள்ளும்போதும் இப்படித்தான் தலையாட்டுவாள் போலிருக்கிறது. கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆர்டிஸ் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "கிளெய்ம் தள்ளுபடி ஆயிடும், அதைக் காப்பாத்த முடியாது. லோர்னாவோட பேரைக் காப்பாத்தலாம். உன் கையால எழுது. அவளுக்கு எதுவும் தெரியாதுங்கறதை முதல்ல எழுது." பிறகு கையை நீட்டினார். "கார் சாவியைக் குடு. எழுதி முடிச்சதும் நீ வீட்டுக்கு நடந்து போய்க்கலாம். நாளைக்கு வர வேண்டாம்."

சாவியைக் கொடுத்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். திட்டியிருந்தால் தேவலை. கண்ணைத் துடைக்கிறாரோ என்று சந்தேகமாக இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் வந்தது. லோர்னா ஆம்டாலுக்கு இதில் எதுவும் தெரியாது என்று தொடங்கி, நாள், கிழமை, காபி, அரிசி எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் கையெழுத்துப் போட்டு நகர்த்தி வைத்தேன்.

லோர்னா அதை எடுத்துப் படித்தாள். அவள் படிக்கும் விதமே தனி. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே படித்தாள். கடைசிப் பத்தியில் பென்சில் நின்றது.

"'கொட்டியதை லோர்னாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்'" என்று வாசித்தாள். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். "மறந்துட்டியா?"

"இல்லை."

காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அப்ப மாத்து."

'சொல்ல மறந்துவிட்டேன்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'சொல்லவில்லை' என்று எழுதினேன்.